ஒன்பது புள்ளி எடுத்த ஆட்டம்

மலேசியாவில், பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் என் அக்கா மகளைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கூடைப்பந்து இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம், ஒரு புள்ளி பின்தங்கிக் கிடந்த நேரம், கடைசி நிமிடத்தில் எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த, யாரும் மறிக்காமல் போடுகிற இரண்டு ஃப்ரீ த்ரோவையும் உள்ளே போட்டாள், கிண்ணம் வந்தது. உண்மைதான். நானும் அங்கேதான் இருந்தேன், தொண்டை கட்டிப்போகிற அளவுக்குக் கத்தினேன். ஆனாலும் மூன்று ஆட்டத்தையும் கையில் நோட்டோடு உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அவள் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் இரண்டாவது ஆட்டம்தான். அதில் அவள் எடுத்தது ஒன்பதே புள்ளி.

இதை எழுதக் காரணம், அந்தக் கிண்ணத்துக்குப் பிறகு தோட்டத்திலும் டவுனிலும் பெண் பிள்ளை வைத்திருக்கும் பலர் என்னை நிறுத்தி விசாரிக்கிறார்கள். எங்கே சேர்த்தீர்கள், சாப்பிட என்ன கொடுத்தீர்கள், இவ்வளவு புள்ளி எடுக்க என்ன பயிற்சி. கடைசிக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. புள்ளியையே பார்த்துப் பிள்ளையை வளர்த்தால் இந்த விளையாட்டில் அவள் பாதி வழியில் நின்றுபோவாள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், எனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்லிக்கொண்டே போகிறேன்.

அவள் பிறந்தது தோட்டத்தில். அப்பா செம்பனை வெட்டுக்குப் போகிறவர். பாட்டி, அதாவது என் அம்மா, அந்தக் காலத்தில் விடியுமுன்னே எழுந்து பால்மரம் வெட்டப் போனவர். பிள்ளை படித்தது தமிழ்ப்பள்ளி. தமிழ்ப்பள்ளியில் பெண் பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டு கிடைக்கும் என்று நமக்குத் தெரியும், ஓட்டப்பந்தயம், அதை விட்டால் வலைப்பந்து. போலா ஜாரிங் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். அதில் அவள் நன்றாகவே ஆடினாள். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பக்கத்து இருக்கைச் சீனப்பிள்ளை ஒருத்தி, நீ ஓடுகிற வேகத்துக்கு எங்கள் கோர்ட்டுக்கு வந்து பாரேன் என்று கூப்பிட்டாள். அப்படித்தான் புதுக்கிராமத்துக் கூடைப்பந்துத் திடலுக்குப் போனது.

அந்தத் திடலைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 16ஆம் தேதி நம் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக்கொல்லப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்டு கிளர்ச்சிக்கு எதிரான அவசரகாலம் வந்தது. 1950இல் பிரிட்டிஷ் அரசின் பிரிக்ஸ் திட்டம். காட்டோரத்திலும் ஈயக் கம்பத்து ஓரத்திலும் சிதறிக் கிடந்த சீனக் குடும்பங்களை லட்சக்கணக்கில் கொண்டுவந்து முள்வேலிக்குள் குடியேற்றினார்கள், அவைதான் இன்றைய புதுக்கிராமங்கள். நெருக்கடியான அந்த இடத்தில் கால்பந்துத் திடலுக்கு எங்கே போவது? ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு கம்பம், அதுவே போதும் என்கிற விளையாட்டு கூடைப்பந்து. இன்றைக்கும் எந்தப் புதுக்கிராமத்துக்குள் நுழைந்தாலும் பள்ளிக்கூடத்துப் பக்கமோ கோயில் பக்கமோ ஒரு கோர்ட் கண்ணில் படும். நம் தோட்டத்து லயங்களில் இருந்து அது எட்டாத தூரத்தில் இல்லை, மோட்டாரில் பத்து நிமிடம். ஆனால் நம்மவர்கள் அதைச் சீனர் விளையாட்டு என்று ஒதுக்கியே பழகிவிட்டோம். அங்கே யாரும் நம்மை வேண்டாம் என்று சொன்னதில்லை, நாம்தான் போனதில்லை.

அவள் சேர்ந்த குழுவில் பெரும்பாலும் சீனப் பெண்கள், மலாய்ப் பிள்ளைகள் இரண்டு பேர், நம் பிள்ளைகள் மூன்று பேர். கோச் எழுபதை நெருங்கும் சீனப் பெரியவர். திட்டுவதும் பாராட்டுவதும் மலாயில், ஆட்டத்துக்குள் கூப்பிடுகிற சொல் மட்டும் மாண்டரின். ஆள் மாற்றிக் காவல் காக்க வேண்டும் என்றால் 'ஹுவான்' என்று கத்த வேண்டும். முதல் மாதத்திலேயே அவள் வீட்டில் தம்பியோடு ஓடிப்பிடித்து விளையாடும்போதுகூட ஹுவான் ஹுவான் என்று கத்த ஆரம்பித்துவிட்டாள்.

வலைப்பந்து ஆடிவிட்டுக் கூடைப்பந்துக்கு வருகிற பிள்ளைக்கு டிரிபிள், அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது, வராது. வலைப்பந்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவே முடியாது, கையில் வந்த பந்தை மூன்று விநாடிக்குள் அடுத்தவருக்குக் கொடுத்தாக வேண்டும். வளையத்தின் உயரம் இரண்டுக்கும் ஒன்றுதான், 3.05 மீட்டர், ஆனால் வலைப்பந்து வளையம் இன்னும் சின்னது, பின்னால் பலகையும் கிடையாது. அதனால் இவளுக்கு முதல் வருடம் டிரிபிள் போராட்டமாக இருந்தது. இடது கையால் தட்டினால் பந்து வடிகாலுக்குப் போகும். கோச் மற்றவர்களைவிட இவளுக்கு அதிக நேரம் இடது கைப் பயிற்சி கொடுத்தார். அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் வருடம் வட்டாரத்திலேயே இவளைத் தாண்டிப் பந்து கொண்டுபோகிற பெண் இல்லை என்ற நிலைமை வந்தது, கூடவே எல்லாவற்றையும் தானே செய்கிற பழக்கமும் வந்தது. பந்து கைக்கு வந்தால் மூன்று பேரைத் தாண்டி உள்ளே போய்ப் போடுவாள். ஜனங்கள் கை தட்டுவார்கள்.

இப்போது தொடருக்கு வருகிறேன். வட்டாரக் குழுக்களுக்கு இடையிலான 18 வயதுக்குட்பட்ட பெண்கள் போட்டி. இறுதிச் சுற்று ஒரே ஆட்டமாக இல்லாமல், மூன்றில் இரண்டு வென்றவருக்குக் கிண்ணம் என்று வைத்திருந்தார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று இரவும் அதே எதிரணி. ஒரே ஆட்டம் என்றால் ஒரு நல்ல நாள் போதும், தப்பித்துவிடலாம். தொடர் என்று வரும்போது முதல் நாள் நீ செய்ததை அவர்கள் ராத்திரி உட்கார்ந்து யோசித்துவிட்டு மறுநாள் வந்து அடைப்பார்கள், அதற்கு நீ பதில் வைத்திருக்க வேண்டும். 2016இல் நம் மலேசியா டிராகன்ஸ் குழு ஆசியான் கூடைப்பந்து லீக் கிண்ணத்தை எடுத்தபோதும் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸோடு ஐந்தாவது ஆட்டம் வரைக்கும் போய்த்தான் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை இவள் 27 புள்ளி எடுத்தாள். குழு 48க்கு 61 என்று தோற்றது.

முதல் பாதியில் எதிரணிக்கு இவளைப் பிடிக்கவே முடியவில்லை. இரண்டாம் பாதியில் அவர்கள் கோச் ஒரே ஒரு மாற்றம் செய்தார், இவள் கைக்குப் பந்து வந்தவுடன் இரண்டு பேர் பாய்ந்து மறித்தார்கள். அதன் பிறகு எடுத்த புள்ளியெல்லாம் அடிபட்டு விழுந்து எழுந்து எடுத்தது. நடுவில் பந்தைப் பறிகொடுத்துக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு முறை பறிபோகும்போதும் அந்தப் பக்கம் காலியாக ஓடிப்போய்ப் போட்டார்கள். சுற்றி நின்றவர்கள் இருபத்தேழு, இருபத்தேழு என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். வேறு என்ன பேசுவார்கள், பலகையில் தெரிவது அதுதானே.

என் நோட்டைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெற்றோர் செய்யக்கூடிய காரியங்களில் மிகவும் பயனுள்ளது இதுதான் என்று நினைக்கிறேன். நான் கடையில் கணக்கு எழுதுகிறவள், அதனால் கோர்ட் மேசையில் ஸ்கோர் எழுத ஆள் இல்லாதபோது என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், அப்படியே கற்றுக்கொண்டேன். அதிகாரப்பூர்வத் தாளில் புள்ளி வரிசையாக அச்சடித்திருக்கும், கூடை விழுந்தால் எண்ணின் மேல் சாய்கோடு, ஃப்ரீ த்ரோ என்றால் கறுப்புப் பொட்டு, மூன்று புள்ளி என்றால் போட்டவரின் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ஃபவுலுக்கு, அதாவது விதி மீறி மோதுவது, தள்ளுவது மாதிரியான தவறுக்கு, தனிக் கட்டங்கள். ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே, ஒரு குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கால் பங்கில், குழுவுக்கு நான்கு தாண்டினால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. எல்லாம் இருக்கும், ஆனால் தவறித் தெறிக்கிற பந்தை, அதாவது ரீபவுண்டை, யார் எடுத்தது, யார் கொடுத்த பாஸில் கூடை விழுந்தது, யார் பந்தைத் தொலைத்தது, இது எதற்கும் அந்தத் தாளில் இடம் கிடையாது. பெரிய லீக்குகளில் அதற்கென்று தனி ஆட்கள் இருப்பார்கள், நம் ஊர்ப் போட்டியில் யார் எழுதுவது? அதனால் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் கோடு போட்டு நானே எழுதத் தொடங்கினேன். அவளுக்கு மட்டும் இல்லை, எங்கள் குழுவில் எல்லாப் பிள்ளைகளுக்கும். தன் பிள்ளைக்கு மட்டும் எழுதினால் மற்றப் பிள்ளைகள் கவனிப்பார்கள், குழுவுக்குள் தேவையில்லாத மனக்கசப்பு வரும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆட்டம் முடிந்து குளித்து, சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் ஆட்டத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அவள் அப்பாவும் அப்படித்தான், மோட்டாரில் கூட்டி வரும் வழியில் மழை வருமா வராதா என்பதைத் தாண்டிப் பேசமாட்டார். தோற்ற பிள்ளைக்கு நம் அறிவுரை அந்த நேரத்தில் காதில் ஏறாது, வலி மட்டும்தான் ஏறும். அவளாகக் கேட்டால் சொல்லலாம். அன்றைக்குச் சாப்பிட்டு முடித்ததும் அவளே கேட்டாள்.

"சின்னம்மா, நோட்டக் குடுங்க."

கொடுத்தேன். விரலால் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனாள்.

"எட்டுத் தடவையா பந்து போச்சு?"

"ஆமாம்மா."

"பாஸ் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள், "ரெண்டு பேரு என்மேல வராங்கன்னா அந்தப் பக்கம் ஒருத்திய யாரும் பாக்கலன்னு அர்த்தம். இது போலா ஜாரிங் மாதிரிதான் லா சின்னம்மா. மூணு செகண்டுல குடுத்துறணும்."

நான் எதுவும் சேர்த்துச் சொல்லவில்லை. அவள் கோச்சுக்குப் போன் போட்டாள், மலாயில் பத்து நிமிடம் பேசினாள், படுத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஆட்டத்தை அக்கு அக்காகச் சொல்ல ஆசைதான். முதல் குவார்ட்டரில் இவள் ஒரு தடவைகூட ஷூட் செய்யவில்லை. வந்திருந்த கூட்டத்துக்கு ஏமாற்றம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று என் பின்னால் யாரோ கேட்டார்கள். எதிரணி முந்தைய நாள் மாதிரியே இரண்டு பேராக வந்தது. இவள் இடது ஓரத்தில் பந்தை வாங்குவாள், ஒரு தட்டு தட்டுவாள், முதல் ஆள் முன்னால் நிற்பாள், இரண்டாவது ஆள் பக்கவாட்டில் இருந்து ஓடி வருவாள். அந்த இரண்டாவது பெண்ணின் கால் தரையில் ஊன்றுவதற்கு முன்னே பந்து இவள் கையில் இருக்காது. ஓடி வருகிறவளின் இடுப்புக்குக் கீழே, தரையில் ஒரே ஒரு தடவை பட்டு, எதிர் மூலையில் நிற்கிற பிள்ளையின் கைக்குப் போய்விடும். தாமதித்தால் நான்கு கை அடைத்துவிடும், முந்திக் கொடுத்தால் இரண்டாவது ஆள் இன்னும் வந்திருக்கமாட்டாள், அவளுடைய ஆள் காலியாகியிருக்கமாட்டாள். நடுவில் அரை விநாடிதான் இருக்கிறது. டிரிபிள் கற்றுக்கொள்ளத் தடையாக இருந்த அந்த வலைப்பந்துப் பழக்கம் அன்றைக்கு அவள் கைக்குத் திரும்ப வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். தமிழ்ப்பள்ளியின் அந்தச் சின்னத் திடலில் கற்றது அது.

மூலையில் நின்றது கண்ணாடியை நாடா கட்டி மாட்டிக்கொண்டு ஆடுகிற சீனப் பெண். ரொம்ப அமைதியான பிள்ளை, முந்தைய நாள் இரண்டே புள்ளி. முதல் பந்து அவள் கைக்குப் போனது, போட்டாள், விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. மூன்றாவது முறையும் இவள் அவளுக்கே கொடுத்தாள். அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முந்தைய நாள் இருபத்தேழு எடுத்த பிள்ளை, இரண்டு முறை தவறவிட்டவளை நம்பி மறுபடியும் கொடுக்கிறாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அந்தப் பெண் அன்றைக்கு 17 புள்ளி எடுத்தாள். மூன்றாவது குவார்ட்டரின் நடுவில் எதிரணி பயந்துபோய் இரண்டு ஆள் வைப்பதையே நிறுத்திவிட்டது.

அதோடு முடியவில்லை. ரீபவுண்டு பன்னிரண்டு எடுத்தாள், இத்தனைக்கும் உயரத்தில் அவள் குழுவில் நடுத்தரம்தான். மூலையில் இருந்து போடுகிற பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போய் விழும், அது கோச் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்த பாடம். பாஸ் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்காமல், எதிர்ப்பக்கத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவாள். ஓட்டம்கூட இல்லை, நடை. பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கும்போது அங்கே இவள் ஏற்கெனவே முதுகைக் கொடுத்து ஆளை அடைத்துக்கொண்டு நிற்பாள். 54க்கு 47, வென்றோம். நோட்டில் பார்த்தால் கூடையில் முடிந்த பாஸ் பதினொன்று, தொலைத்த பந்து இரண்டு, புள்ளி ஒன்பது.

அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் 2015 இறுதித் தொடரில் சிறந்த ஆட்டக்காரர் விருது ஆண்ட்ரே இகுவோடாலாவுக்குப் போனது, முதல் மூன்று ஆட்டத்திலும் அவர் தொடக்க ஐவரிலேயே இல்லை. எதிரணியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸை விடாமல் காவல் காத்தவர் அவர்தான். அதை அமெரிக்காவில் உட்கார்ந்து கவனித்து விருது கொடுக்க ஆள் இருக்கிறார்கள். நம் ஊரில் ஒன்பது புள்ளி எடுத்த ஆட்டத்தைக் கவனிக்கிற கண் வீட்டில் ஒருவருக்காவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை மறுபடி இருபத்தேழு எடுத்துத் தோற்கிற ஆட்டத்துக்கே போய்விடுவாள், கை தட்டல் அங்கேதான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் உங்களில் பலருக்குத் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றாவது குவார்ட்டர் முடிவதற்குள் அவளுக்கு நான்கு ஃபவுல். கோச் உட்காரவைத்துவிட்டார். பெஞ்சில் அவள் முகத்தைத் தொங்கப் போடவில்லை, எதிரணியின் உயரமான பெண் எந்தப் பக்கம் திரும்பி ஷூட் செய்கிறாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கை காட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆறு புள்ளி பின்னால் இருக்கும்போது திரும்ப இறக்கினார். இன்னொரு ஃபவுல் என்றால் வெளியே, அந்த நிலைமையில் அந்த உயரமான பெண்ணைக் காவல் காக்க வேண்டும். இரண்டு கையையும் நேராக மேலே தூக்கிக்கொண்டு, காலை மட்டும் நகர்த்தினாள். கை நேராக இருந்து, நம் இடத்தில் நாம் நின்றால், மேலே வந்து மோதுகிறவர் பாடுதான் மோசம், ரெஃப்ரி நம்மைப் பிடிக்க முடியாது. சொல்வதற்குச் சுலபம், கை தானாகக் கீழே இறங்கி அடிக்கப் பார்க்கும். கடைசிவரைக்கும் இறங்கவில்லை.

49க்கு 50. இவள் உள்ளே போகும்போது தள்ளினார்கள், அந்தக் குவார்ட்டரில் அவர்களுக்கு நான்கு ஃபவுல் ஏற்கெனவே ஆகியிருந்தது, இரண்டு ஃப்ரீ த்ரோ. ரெஃப்ரி பந்தைக் கொடுத்ததில் இருந்து ஐந்து விநாடிக்குள் போட வேண்டும். அவளுக்கு ஒரு முறை இருக்கிறது, பந்தில் காற்று அடிக்கிற ஓட்டையைத் தேடி அதன் மேல் விரலை வைப்பாள், மூன்று தட்டு, மூச்சு வெளியே, வளையத்தின் பின் விளிம்பைப் பார்ப்பாள், போடுவாள். பயிற்சியில் இதைக் களைப்பில்லாத நேரத்தில் கோச் போடவே விடமாட்டார். கோர்ட் முழுக்க முன்னும் பின்னும் ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போது இரண்டே இரண்டு, மறுபடி ஓட்டம், மறுபடி இரண்டு. ஆட்டத்தில் அப்படித்தானே வரும், ஓய்வாக நிற்கும்போது யார் நமக்கு ஃப்ரீ த்ரோ கொடுக்கிறார்கள்? பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் விழுந்தன. 51க்கு 50.

ஊர் அங்கே கதையை முடித்துவிடுகிறது. ஆனால் இன்னும் சில விநாடிகள் இருந்தன, எதிரணி கடைசியாக ஒரு பந்து போட்டது. பந்து மேலே போனதும் எல்லாப் பிள்ளைகளும் அண்ணாந்து பார்த்தார்கள். இவள் பார்க்கவில்லை. திரும்பி, உயரமான பெண்ணின் தொடையில் தன் இடுப்பைக் கொடுத்து, இரண்டு அடி பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். பந்து வளையத்தில் பட்டுத் தரைக்கு வந்தது, எங்கள் குழுவிலேயே குட்டையான பெண் ஓடி வந்து எடுத்துக்கொண்டாள். நோட்டில் ரீபவுண்டு அந்தக் குட்டைப் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது, அதுதான் முறை. சிறந்த ஆட்டக்காரர் பரிசை இவளுக்குக் கொடுத்தார்கள், அறிவித்தவர் இரண்டு ஃப்ரீ த்ரோவைச் சொல்லித்தான் அறிவித்தார்.

சரி, கேட்டவர்களுக்கான மற்ற விஷயங்கள்.

சாப்பாடு பெரிய ரகசியம் எல்லாம் இல்லை. இரவு எட்டரைக்கு ஆட்டம் என்றால் ஐந்து மணிக்குச் சோறு, கோழி, ஒரு காய். நாசி லெமாக் ஆட்ட நாளில் வேண்டாம், சந்தான் என்கிற தேங்காய்ப்பால் ஊற்றிய சோறு வயிற்றில் கனமாக உட்கார்ந்துகொள்ளும். ஏழு மணிக்கு ஒரு வாழைப்பழம், கொஞ்சம் மைலோ. இடைவேளையில் தண்ணீர், அல்லது 100 பிளஸ் பானத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தது. மூன்று நாள் தொடரில் உண்மையான சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகு சாப்பிடுவதுதான், களைப்பில் பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் மறுநாள் மூன்றாவது குவார்ட்டரில் கால் நிற்காது. எழுப்பியாவது ஊட்டுங்கள். போனை வாங்கி வைத்துவிடுங்கள், அன்றைய ஆட்டத்துக் காணொளியைப் பார்த்துக்கொண்டே இரண்டு மணிவரை முழித்திருப்பார்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று, வெட்கப்படாமல் சொல்கிறேன். தொடரின் இரண்டாம் நாள் அவளுக்கு மாதவிலக்கு. முன்பெல்லாம் அந்த நாளில் போகவே மாட்டாள். அக்காவும் நானும் அவளோடு உட்கார்ந்து பேசி, பையில் எப்போதும் மாற்றுத்துணி, நாப்கின், வலி மாத்திரை, ஒரு கறுப்பு நிற இறுக்கமான உள்கால்சட்டை என்று தனியாக ஒரு பை கட்டி வைத்துவிட்டோம். வலி தாங்க முடியாவிட்டால் உட்காரலாம், அதை கோச்சிடம் சொல்ல ஒரு மூத்த பெண்ணையும் குழுவில் ஏற்பாடு செய்துவிட்டோம். நான் இவ்வளவு புகழ்கிற ஆட்டம் அந்த நாளில் ஆடியதுதான்.

பாட்டிக்கு ஆரம்பத்தில் கைவைக்காத சட்டையும் அரைக்கால்சட்டையும் பிடிக்கவில்லை. வாக்குவாதம் செய்யவில்லை, ஒரு நாள் திடலுக்கு அழைத்துக்கொண்டு போனோம். விதிப்படி முழுக் காலையும் மூடுகிற இறுக்கமான உறை போட்டுக்கொள்ளலாம், குழுவில் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நிறமாக இருந்தால் போதும். 2017இல் இருந்து தலையை மூடிக்கொள்ளவும் உலக விதியே அனுமதிக்கிறது, எங்கள் குழுவின் மலாய்ப் பிள்ளைகள் அப்படித்தான் ஆடுகிறார்கள். அதைப் பார்த்த பிறகு பாட்டிக்குச் சமாதானம். அதே 2017இல் கோலாலம்பூரில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு மகளிர் கூடைப்பந்துக் குழு தங்கம் எடுத்ததையும் பாட்டிக்குக் காட்டினோம். இந்த நாட்டில் பெண்களுக்கு உண்மையாகவே மேலே போக வழி இருக்கிற விளையாட்டு இது, நம் பிள்ளைகள் அந்தப் பட்டியலில் இன்னும் அதிகமாக வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

செலவு பயப்படுகிற அளவுக்கு இல்லை. பந்து வாங்கும்போது பெண்களுக்கு ஆறாம் எண், கடைக்காரர் ஏழைத் தூக்கிக் கொடுப்பார், அது ஆண்கள் பந்து, பெரிது, ஷூட் செய்கிற முறையே கெட்டுப்போகும். சிமெண்டுத் தரைக்கு ரப்பர் பந்துதான் சரி, தோல் மாதிரி இருப்பது கொஞ்ச நாளிலேயே தேய்ந்துவிடும். ஷூவில்தான் காசைப் பார்க்கக் கூடாது, அடிப்பாகம் வழவழப்பாகிவிட்டால் மாற்றிவிடுங்கள். மழை பெய்து முடிந்த ஈரச் சிமெண்டில் கால் முறுக்கிக்கொள்ளாத பிள்ளை எங்கள் குழுவில் இல்லை.

படிப்புக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். அடுத்த வருடம் அவளுக்கு இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். பயிற்சியை வாரத்துக்கு இரண்டு மாலையாகக் குறைத்துவிட்டோம், செவ்வாயும் வியாழனும், மற்ற நாளில் டியூஷன். கோச் முகம் சுளிக்கவில்லை, அவராகவே மற்றப் பிள்ளைகளுக்கும் அதே மாதிரி செய்துவிட்டார். குழுவில் இப்போது மூத்தவர்கள் குறைவதால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு வெயில் தாழ்ந்ததும் ஆரம்பிப்பார்கள். முதல் வாரத்துக்குப் பள்ளி ஷூவே போதும், வாங்க அவசரப்பட வேண்டாம், தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்புங்கள். வலைப்பந்து ஆடிய பிள்ளையாக இருந்தால் கோச்சிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள், இப்போதெல்லாம் அவரே முதலில் அதைத்தான் கேட்கிறார்.